அத்தையின் கனவுகள் இருந்த கம்ப்யூட்டர்

மாமாவின் கடைக்குள் நுழைந்தால் முதலில் மாமா தெரிய மாட்டார். துணிதான் தெரியும். கூரைக் கம்பிகளிலிருந்து மெல்லிய திரைச்சீலைகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தொங்கும். காலை வெயில் அவற்றின் வழியே வடிந்து வரும்போது கடையே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் தோன்றும். ஏதோ ஒரு திரைக்குப் பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போனால் மாமாவிடம் போய்ச் சேரலாம்.

மாமா என் அம்மாவின் தம்பி. ஊரில் பாதி ஜன்னல்களுக்குத் திரை தைத்தவர். அவர் வீட்டு ஜன்னலில் மட்டும் ஒன்றும் இல்லை. அம்மா கேட்டால், "யாரு அக்கா எட்டிப் பாக்கப் போறா? பாத்தாலும் நான்தான் இருக்கேன், பாவம் அவங்க" என்பார்.

அத்தை கடல் தாண்டிய ஊரில் நர்ஸ். போய்ப் பல வருடம் ஆகிறது. போனில் இருவரும் பேசுவது தண்ணீர் மோட்டார், பல்வலி, யார் வீட்டில் கல்யாணம் என்பவற்றைப் பற்றித்தான். கனவுகள் மெயிலில் வரும். அத்தைக்கு நிறையக் கனவு வரும். கல்யாணமான புதிதில் கண் விழித்ததும் மாமாவிடம் சொல்வாராம். வேலைக்காக அங்கே போன பிறகு, டியூட்டிக்குக் கிளம்புமுன் நாலு வரி எழுதி அனுப்பத் தொடங்கினார். மாமா பதில் எழுதியதே இல்லை. கடை திறந்ததும் படிப்பார். அப்புறம்தான் கத்தரிக்கோலைத் தொடுவார்.

இப்போது அத்தை வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாகத் திரும்பி வருகிறார். ஆஸ்பத்திரி கொடுத்திருந்த மெயில் கணக்கை அவர்களே மூடப் போகிறார்கள். "நான் எழுதினதெல்லாம் உங்ககிட்ட பத்திரமா இருக்குல்ல?" என்று போனில் கேட்டிருக்கிறார். "இருக்கு" என்று மாமா சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, போன வாரம் வாங்கிய புதுக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால், ஒரு கனவும் இல்லை.

எனக்குப் போன் வந்தது.

"நம்ம வீட்ல டிகிரி முடிச்சது நீ ஒருத்திதானே. வந்து பாரு."

நான் படித்தது வேதியியல். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அதனால் டிகிரி என்பது எல்லாப் பூட்டையும் திறக்கிற ஒரே சாவி என்று நினைக்கிறார்கள். ஃபேன் நின்றாலும் நான்தான், பேங்கிலிருந்து கடிதம் வந்தாலும் நான்தான். தெரியாது என்று சொல்ல வாய் வராது. அப்படியென்றால் எனக்கு என்னதான் தெரியும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போனேன்.

புதுக் கம்ப்யூட்டரில் எனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன். போனது, வந்தது. பாஸ்வேர்டும் சரி. இன்டர்நெட்டில் நேராகப் போய்ப் பார்த்தால் இந்த வாரத்து மெயில்கள் மட்டுமே இருந்தன. பழைய கம்ப்யூட்டர் மெயிலை இறக்கிக்கொண்டதும் இன்டர்நெட்டிலிருந்து அழித்துவிடும்படி வைத்திருந்தார்கள். ஆகவே எல்லாம் பழைய கம்ப்யூட்டருக்குள்தான் இருக்க வேண்டும்.

"மாமா, பழசு எங்க?"

"அது மேலதான் மடிப்பு நிக்கறதுக்குத் துணி அடுக்கியிருக்கு."

கொசுவம் படிவதற்காக அடுக்கியிருந்த துணிக்குக் கீழே அது ஸ்டூலாக மாறியிருந்தது. தூசி தட்டி மாட்டினோம். தொண்டையைச் செருமிவிட்டு ஓடத் தொடங்கியது. மெயிலைத் திறந்தேன். வந்தவை இருக்கும் இடத்தில் தைத்து முடிக்காத இரண்டு ஆர்டர்கள் மட்டும்.

புதுசை விற்ற கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"எல்லாத்தையும் மாத்திக் குடுத்துட்டேனேம்மா. குப்பையை மட்டும் விட்டுட்டேன். குப்பையை யாரும்மா புதுசுக்குக் கொண்டுவருவா?"

மாமா நிமிர்ந்தார். "குப்பையிலதானே எல்லாம் இருக்கு."

"என்னது?"

"வேலை முடிஞ்சா அங்க போட்டுருவேன். ஆர்டர் தைச்சுட்டா போட்டுருவேன். உங்கத்தை கனவைப் படிச்சுட்டா போட்டுருவேன். மேஜை சுத்தமா இருந்தாத்தானே அடுத்த துணியை விரிக்க முடியும்?"

"குப்பைத் தொட்டின்னு படம் போட்டிருக்கே மாமா."

"நான் கூடைன்னு நினைச்சேன். வெட்டின துணியை எல்லாம் கூடையிலதானே போடறேன்? தூக்கியா எறியறேன்?"

திறந்தேன். ஆர்டர்களுக்கு நடுநடுவே அத்தை. 'மாடிப்படி கீழ்நோக்கி வளர்ந்தது.' 'வார்டு முழுக்கப் பறவைகள், எல்லாத்துக்கும் காய்ச்சல்.' 'இல்லாத ஒரு ஜன்னலுக்கு நீங்க திரை தைச்சீங்க. காத்து மட்டும் வந்துச்சு.' கீழே இறங்க இறங்க வந்துகொண்டே இருந்தன. திரைகள் அசைந்தன. மாமா மெஷினை நிறுத்திவிட்டார் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

பிரதி எடுக்க வேண்டுமானால் மெயிலை மூடியாக வேண்டும். மூடினேன். ஒரு சின்னப் பெட்டி எழும்பி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. இப்படிக் கேட்பவற்றுக்கெல்லாம் படிக்காமலே சரி என்று சொல்லிப் பழகிய கை. மவுஸ் இடது பக்கப் பட்டனுக்கு நகர்ந்தது.

மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இடது பக்கம் போகாத. வலது."

அப்போதுதான் படித்தேன். குப்பையை நிரந்தரமாக அழித்துவிடவா என்று அது கேட்டிருந்தது.

"இது என்ன கேக்குதுன்னு தெரியுமா மாமா?"

"தெரியாது. லீவுல வந்தப்போ உங்கத்தைதான் சொல்லிக் குடுத்தா. மூடும்போது எது கேட்டாலும் வலது பக்கம் அமுக்குங்கன்னா. தினமும் சாயங்காலம் கேக்கும். அமுக்கிட்டு ஷட்டரை இறக்குவேன்."

இத்தனை வருடமும் தினமும் மாலையில் அவர் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லியே அந்தக் கனவுகளைக் காப்பாற்றி வந்திருக்கிறார். எதற்கு வேண்டாம் என்கிறோம் என்று தெரியாமலே. வலது பட்டனை அமுக்கினேன்.

பிரதி எடுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் சேர்த்தேன். தானாகக் காலி செய்துகொள்ளும் வசதியை நிறுத்தினேன். கனவுகளைப் பொறுக்கி எடுத்து வைக்கத் தனியாக ஓர் இடம் உண்டாக்கினேன்.

"என்ன பேர் வைக்கட்டும் மாமா?"

"பேர் எதுக்கு? அவ வந்து வைக்கட்டும்."

மதியத்துக்குள் எல்லாம் வந்து சேர்ந்தன. நான் கிளம்பும்போது ஒரு புது மெயில் வந்தது. 'பெட்டி கட்டியாச்சு. தூக்கமே வரல. அதனால கனவு இல்ல.'

மாமா இரண்டு முறை படித்தார். பழக்கத்தில் அவர் கை அதைக் குப்பைக்கு இழுத்துக்கொண்டு போனது. பாதி வழியில் நின்றது. பிறகு அந்தப் பெயரில்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்தது.

"கனவு இல்லன்னுதானே எழுதியிருக்காங்க?" என்றேன்.

"இருக்கட்டும். இதுவும் அந்த செட்டுதான்."

எழுந்து போய் வெள்ளைத் துணி ஒன்றை மேஜையில் விரித்தார். யாருடைய ஆர்டர் என்று கேட்டேன். "என் வீட்டு ஜன்னலுக்கு" என்றார். அளவெடுக்க டேப்பைத் தேடவில்லை.