கேப்டன் பேசியபோது காதை அடைத்தேன்

மலேசியாவின் ஈப்போவுக்கு விமானம் ஏறியிருந்தேன். சிங்கப்பூரில் பார்த்த பஸ் ஓட்டும் வேலை போய், களைத்துத் திரும்பிய நாள். விமானத்தில் கேப்டன் பேச ஆரம்பித்ததும், தூங்க விடமாட்டான் போல என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

தரையைத் தொடும் நேரத்தில் விமானம் திடீரென மேலே ஏறியது. பயந்துபோய் பெல்ட்டைக் கழற்றி எழுந்தேன். பக்கத்து இருக்கை அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருங்க லா! மழ வலுத்தா ஒரு சுத்து சுத்திட்டுத்தான் எறங்குவோம்னு கேப்டன் சொன்னாரே, கேக்கலியா?"

உட்கார்ந்த மறுகணம் விமானம் தூக்கிப் போட்டது. நின்றிருந்தால் மண்டை உடைந்திருக்கும்.

மறுநாள் காலை என் ஊரான கோப்பெங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டச் சேர்ந்தேன். கிளம்புமுன் எழுந்து நின்று, ஏறியிருந்த தொழிலாளர்களிடம் எந்த வழி, எங்கே குலுங்கும் என்று சொன்னேன்.

"தூங்க விடுங்கண்ணே!" என்றார் ஒருவர்.

முழுவதும் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். இன்றும் அப்படித்தான்.