கூட்டம் பேசிய ஒரு வசனம்

கூட்டம் என்பது ஒரே ஒரு ஆள். டப்பிங் ஸ்டுடியோவில் அவனுக்கு அதுதான் பெயர். காலையில் சவுண்டு இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "கூட்டம் வந்தாச்சா?" என்று கேட்பார். இடுப்பில் நிற்காத பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ஒல்லியாக ஒருவன் "வந்தாச்சு சார்" என்பான். சந்தை இரைச்சலோ சபை முணுமுணுப்போ, எது வேண்டுமானாலும் அவனைத் திரும்பத் திரும்பக் கத்தவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆயிரம் பேராக்கிவிடுவார்கள். கூலி மட்டும் ஒரு ஆளுக்குத்தான்.

அவனுக்குச் சோறு போட்டது பாரதக் கதை. எங்கோ வேறு மொழியில் எடுத்த தொடரைத் தமிழில் பேசவைத்து டிவியில் போடுவார்கள். ஜனங்கள் பார்த்து அழுது ஓய்ந்ததும், சில வருஷம் கழித்து இன்னொருவருக்கு அதையே இன்னும் பெரிய கிரீடங்களோடு எடுக்கத் தோன்றும். முதல் பாரதம் வந்தபோது அவன் பிரம்மச்சாரி. இரண்டாவதில் கல்யாணம் ஆகிவிட்டது. இப்போது ஓடுவது மூன்றாவது. தலையில் பாதி முடி போய்விட்டது. மூன்றிலும் அவன் செய்த வேலை, சாவது. அம்புக்கு ஒரு சாவு, கதாயுதத்துக்கு ஒரு சாவு, தேர்ச்சக்கரத்தில் மாட்டினால் அது தனி. இரண்டு பக்கப் படைக்கும் பாரபட்சம் இல்லாமல் உயிரைக் கொடுத்தவன் அந்தப் போரிலேயே அவன் ஒருவன்தான்.

மாமியார் அவனோடுதான் இருந்தார். தொடரின் பரம ரசிகை. ரிமோட் அவர் மடியை விட்டு இறங்காது.

"மாப்பிள்ளை, இதுல நீங்க எங்க?"

"இப்பதான் செத்தேன் அத்தை."

"அந்த 'ஆ'வா?"

"அதுக்கு அடுத்த 'ஆ'."

மாமியார் தலையை மட்டும் ஆட்டுவார். பெண்ணைக் கொடுத்தாயிற்று, இனி என்ன பேசி என்ன.

பெண் அதைக்கூடக் கேட்பதில்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று, கால் வீங்கி வீட்டுக்கு வருகிறவளுக்கு எந்த 'ஆ' புருஷனுடையது என்று ஆராய நேரம் ஏது? கடையில் யாராவது விசாரித்தால் "சவுண்டு சம்பந்தமான வேலை" என்று சொல்லி மாத்திரையைக் கத்தரிக்கத் தொடங்கிவிடுவாள். அவனுக்கு அதுதான் குறை. சாவதற்கு முன், நிஜமான சாவைச் சொல்கிறேன், ஒரே ஒரு தடவையாவது டிவியில் தன் குரலைக் கேட்டு அவள் நிமிர்ந்து பார்க்கவேண்டும்.

அந்த யோகம் ஒரு தொண்டைக்கட்டில் வந்தது. தர்மனுக்குப் பேசுகிறவரை எல்லோரும் பெரிய குரல் என்பார்கள். வெந்நீர் ஃபிளாஸ்கும் கழுத்தில் மஃப்ளருமாக வருவார். யாரிடமும் பேசி அந்தக் குரலை வீணாக்கமாட்டார். துரோணர் விழுகிற கட்டத்தை டப்பிங் செய்யவேண்டிய அன்றைக்குப் பார்த்து அவர் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. பொய்யே பேசாத தர்மன், துரோணரிடம் அவர் பிள்ளை இறந்துவிட்டதாகச் சொல்லவேண்டிய இடம். கொன்றதென்னவோ அதே பெயர் கொண்ட ஒரு யானையை. "அசுவத்தாமன் இறந்தான்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, "அந்த யானை" என்பதை வாய்க்குள் முனகுவான். அது காதில் விழாமல் சங்கும் படையின் ஆரவாரமும் அமுக்கிவிடும். துரோணர் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

"அண்ணே, நீங்க தர்மனுக்குப் பேசுங்க" என்றார் இன்ஜினியர். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

மைக் முன்னால் நின்று, கண்ணை மூடி, "அசுவத்தாமன் இறந்தா...ன்" என்று இழுத்தான்.

"அண்ணே, செத்தது அவன். நீங்க இல்ல."

பழக்க தோஷம். பல டேக் போன பிறகு ஒன்று அமைந்தது. அடுத்தது "அந்த யானை". அதை அவன் வெட்கத்தோடு, வாய்க்குள், பாதி மூச்சில் சொன்னான். முதல் டேக்கே ஓகே.

"சரிண்ணே, இப்ப அது மேல கூட்டம் கத்தணும்."

கூட்டமும் அவன்தானே. ஆயுளில் கிடைத்த ஒரே வசனத்தின் தலையில் அவனே கல்லைப் போடவேண்டும். மனசு வராமல் மெல்ல ஆரவாரித்தான்.

"என்ன அண்ணே, படைக்கு உடம்பு சரியில்லையா?"

பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினான். ஆயிரம் பேர் கத்தினார்கள்.

வீட்டில் மாமியாரிடம் சொன்னான். மாமியாரிடம் சொன்னால் போதாதா? ஒளிபரப்பாகும் சாயங்காலம் மாடி வீடு, எதிர் வீடு, இஸ்திரிக் கடைக்காரர் குடும்பம் எல்லோரும் நாற்காலியோடு வந்துவிட்டார்கள். மனைவிகூடச் சீக்கிரம் கிளம்பி வந்து கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து இன்ஜினியரிடமிருந்து போன். அடுப்படிக்குள் போய் எடுத்தான்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பெரிய குரல் தொண்டை சரியாகி வந்து வசனத்தைத் திரும்பப் பேசிட்டாரு. 'அந்த யானை' மட்டும் உங்களோடது. எப்படியும் கேக்கப்போறதில்லன்னு அதை விட்டுட்டாரு."

போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றான். அழுகைதான் வந்தது.

"மாப்பிள்ளை, வாங்க வாங்க. இன்னைக்கு உங்க குரல்தானே?"

வீடு முழுக்க அவனைப் பார்த்தது. "ஆமா அத்தை, என் குரல் வருது" என்று உரக்கச் சொன்னான். பிறகு டிவியில் சோப்பு விளம்பரம் அலறத் தொடங்கும்வரை காத்திருந்து, "கடைசி ரெண்டு வார்த்தை மட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவைத்தான். சொன்னது சொன்னதுதான். கேட்காதது அவரவர் காது.

தர்மன் வாயைத் திறந்தான். "அசுவத்தாமன் இறந்தான்." மணிமணியாக, கம்பீரமாக, வெந்நீர் குடித்து வளர்த்த குரல். அடுத்த நொடி சங்கும் படையும் வீட்டையே தூக்கின. எல்லோரும் கைதட்டினார்கள். இஸ்திரிக் கடைக்காரர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒரு குரலை வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் செத்துக்கிட்டே இருந்தீங்களே, மாப்பிள்ளை" என்றார். அவன் அசடு வழிய எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். கதவோரம் மட்டும் அவன் பார்க்கவில்லை.

எல்லோரும் போனபின் மனைவி நாற்காலிகளை மடக்கினாள். அவன் ஒன்றைப் பிடித்துக்கொடுத்தான்.

"தர்மனுக்குப் பேசினது நீங்க இல்லயே" என்றாள்.

அவன் மடக்கின நாற்காலியை மறுபடி விரித்தான்.

"அதுக்கப்புறம் வாய்க்குள்ளயே 'அந்த யானை'ன்னு ஒண்ணு வந்துச்சு பாருங்க. அதுதான் நீங்க."

"அது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே."

"யாருக்கும் கேக்கக்கூடாதுன்னுதான் அவ்வளவு சத்தமே போட்டது. அந்தக் கூச்சல்ல உனக்கு மட்டும் எப்படி?"

அவள் கடைசி நாற்காலியைச் சுவரில் சாய்த்தாள்.

"கூச்சல் போட்டதும் நீங்கதானே. அதை ஒதுக்கிட்டுக் கேக்கறது எனக்கென்ன புதுசா?"