அத்தையின் கறுப்பு பீர்

கல்யாணமாகி நான் எல்லையை ஒட்டிக் கேரளாவுக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்த புதிதில், எங்கள் வீட்டு பீர் தோட்டத்துக் கிணற்றுக்குள் இருந்தது. ஃப்ரிட்ஜ் அப்போது அந்த ஊரில் யார் வீட்டிலும் கிடையாது. என் வீட்டுக்காரர் பாட்டில்களைச் சாக்கில் போட்டு, கயிறு கட்டி, பம்ப்செட் குழாய்க்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் இறக்கி வைத்திருப்பார். கடலைக்குத் தண்ணீர் கட்டி முடித்த சாயங்காலங்களில் ஒன்றை மேலே இழுப்பார். தண்ணீரில் ஊறி லேபிள்கள் உரிந்துபோயிருக்கும். எது எந்த பீர் என்பதை மூடியின் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.

ஊரில் மற்ற ஆண்கள் கள்ளுக்கடைக்குப் போனார்கள். இவருக்குக் கள் வாடை ஆகாது. பாலக்காட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு பிராந்திக்கடையில் நின்று, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று விசாரித்து, நாலைந்து பாட்டில் வாங்கி வருவார். அதில் ஒன்று வெளிறிய மஞ்சள் நிறம், வெயில் காலத்துக்கு. இன்னொன்று கொஞ்சம் சிவந்தது, கசப்புக் கூடுதல். விருந்தாளிகளுக்கு முதலாவதைத்தான் கொடுப்பார். இரண்டாவதைத் தனக்கென்று வைத்துக்கொள்வார். ஒரு தடவை கடைக்காரர் தவறுதலாகக் கறுப்பு பீர் ஒன்றைச் சாக்கில் போட்டு அனுப்பிவிட்டார். ஸ்டவுட் என்று பெயராம். ஒரு வாய் குடித்துவிட்டு, கருகிப்போன காப்பி மாதிரி இருக்கிறதென்று மீதியை வாய்க்காலில் ஊற்றிவிட்டார்.

எல்லாம் கிணற்றில் இருந்ததற்குக் காரணம் குளிர்ச்சி மட்டும் இல்லை. வீட்டில் அத்தை இருந்தார், என் மாமியார். மாமனார் குடித்தே செத்தவர். எங்கள் தோப்பில் கள் இறக்கின மரங்கள் வரிசையாக நின்ற காலத்தில், காலையில் கண்விழித்ததும் அவருக்குக் கள் வேண்டும். கடைசி வருஷங்களில் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் கை ஆடுமாம். அவர் இறந்த மாதமே அத்தை மரமேறிகளைக் கூப்பிட்டுக் கலயங்களை இறக்கச் சொல்லிவிட்டார். சுற்று வட்டாரத்தில் எல்லாத் தோப்பிலும் கள் இறங்கியது. எங்கள் மரங்களில் மட்டும் தேங்காய் காய்த்தது. அந்த வீட்டில் குடியைப் பற்றிப் பேச்சே எழாது.

எனக்கு மூத்த பையன் பிறந்து நடக்க ஆரம்பித்திருந்த வருஷம் அத்தைக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் விட்டது, ஆனால் பசி திரும்பவில்லை. கஞ்சியை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரவிக்கைகள் தோளிலிருந்து வழிந்தன. பக்கத்துச் சித்தூரில் ஒரு லேடி டாக்டர் இருந்தார், மலையாளி. நானும் வீட்டுக்காரரும் அத்தையை அவரிடம் கூட்டிப்போனோம். சோதித்து முடித்ததும் அத்தையை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் பேசினார்.

"பயப்படண்டா. டானிக் எழுதறேன். அதைக்காட்டிலும் ஸ்டவுட் நல்லது. சாப்பாட்டுக்கு முன்னால அரை கிளாஸ் கொடுத்து நோக்கு. பசி தானே வரும்."

அந்தக் காலத்தில் டாக்டர்கள் அப்படிச் சொல்வது வழக்கம்தான். பிரசவமான பெண்களுக்குக்கூட எழுதிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் முகம் வெளுத்துப் போயிற்று. வரும் வழியில் பஸ்ஸில் என் காதருகே குனிந்து, "டானிக்குன்னே சொல்லிரு. லேபிளைக் கிழிச்சர்லாம்," என்றார்.

"எனக்கு அது ஆகாதுங்க. அத்தை கேட்டா நான் உள்ளதைத்தான் சொல்லுவேன்," என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அத்தை கேட்டார். நான் சொன்னேன்.

"கள்ளுச் சாதியா அது?"

"கள்ளில்லீங்க அத்தை. பார்லியில காச்சறதாமா. ஆனா போதை இருக்குதுங்க. டாக்டரம்மா அரை டம்ளர்தான் சொன்னாங்க."

அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் முழுக்க அதைப் பற்றிப் பேச்சில்லை. அதற்கு அடுத்த நாள், கஞ்சித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அதைக் கொண்டா அம்மிணி, பாப்போம்," என்றார்.

அதற்குள் என் வீட்டுக்காரர் பாலக்காடு போய் வந்திருந்தார். எவர்சில்வர் டம்ளரில் நுரையோடு ஊற்றிக் கொடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்து குடிப்பதைப் போல ஒரே மடக்கில் குடித்தார். "வேப்பங்கொட்டையைக் கருக்கி ஊத்துன மாதிரி இருக்குது," என்றார். அரை மணி கழித்து ரசஞ்சோறு கேட்டார்.

பாட்டிலில் மீதியிருந்ததைத் தக்கை வைத்து மூடி அடுத்த நாள் கொடுத்தேன். நுரையெல்லாம் அடங்கிப் போயிருந்தது. அதுதான் அவருக்குப் பிடித்தது. முதல் நாளையது தொண்டையில் குத்துகிறது என்பார். அதனால் பாட்டிலைத் திறந்து ஒரு நாள் வைத்திருந்து கொடுப்பது வழக்கமாயிற்று. உடம்பு தேறியது. தேறிய பிறகும் பொழுது சாயும் நேரத்தில் டம்ளர் போனது. டாக்டர் எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை, யாரும் போய்க் கேட்கவும் இல்லை.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்ததும் அத்தை சொன்னார்: "ஏஞ்சாமி, அந்தச் சாக்கை எத்தனை காலத்துக்குக் கெணத்துலயே தொங்கவுட்டிருப்ப? கவுறு இத்துப் போயிருக்குது. ஊட்டுலயே கொண்டாந்து வெய்யி."

இவர், "உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"கெணறு எங்கூட்டுதுதான?" என்றார் அத்தை.

சமையலறைக்குப் பின்னால் தண்ணீர்க் குடங்கள் வைக்கும் இருட்டறையில் ஈர மணல் கொட்டியிருந்தது. பாட்டில்களைக் கழுத்துவரைக்கும் அதில் புதைத்து வைத்தோம். லேபிள்களும் உரியாமல் நின்றன. மஞ்சள் ஒரு வரிசை, சிவப்பு ஒரு வரிசை, ஓரத்தில் அத்தையின் கறுப்பு. மஞ்சளை ஒரு தடவை ருசி பார்த்த அத்தை, அரிசி கழுவின தண்ணீருக்கு எதற்குப் பாட்டில் என்று கேட்டார். அம்மாவும் மகனும் அந்த வருஷம் பேசிக்கொண்ட அளவுக்கு அதற்கு முன்பு பேசி நான் பார்த்ததில்லை. பேச்சு பெரும்பாலும் எந்தப் பாட்டிலில் கசப்பு நாக்கின் நுனியில் நிற்கிறது, எதில் தொண்டையில் நிற்கிறது என்பதைப் பற்றித்தான்.

இந்தச் சமயத்தில்தான் தமிழ்நாட்டில் திரும்பவும் மதுவிலக்கு வந்தது. மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பும் மோட்டார் சைக்கிளுமாக ஆட்கள் எங்கள் பக்கம் வர ஆரம்பித்தார்கள். அவர்களோடு எங்கள் மாப்பிள்ளையும் வந்தார். என் நாத்தனாரைப் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை தென்னந்தோப்பும் தேங்காய் மண்டியும் வைத்திருந்தவர், நல்ல சிரிப்புக்காரர். அதுவரைக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே வருவார். இப்போது வாரம் தவறாமல் வந்தார். எங்கள் வீட்டில் இருப்பு இருப்பது அவருக்குத் தெரியும்.

மாப்பிள்ளை வந்தால் இல்லை என்று சொல்ல முடியாது. மஞ்சள் வரிசை முதலில் தீர்ந்தது. பிறகு என் வீட்டுக்காரர் தனக்கென்று வைத்திருந்த சிவப்பு. சில மாதங்களில் ஞாயிறு என்பது போய் வாரத்துக்கு நடுவிலும் ஜீப் வந்து நின்றது. என் நாத்தனார் வருவதில்லை. கேட்டால், "கொழந்தைக்குச் சளிங்க," என்பார் மாப்பிள்ளை. ருசி பார்க்கும் பேச்சு அவரிடம் கிடையாது. எது கையில் கிடைத்தாலும் சரி. ஒரு தடவை அத்தையின் பாட்டிலையும் எடுத்துத் திறந்துவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் காலையில் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளர் டபராவில் பட்டுக் கிணுகிணுவென்று சத்தம் கேட்டது. வாய்க்குக் கொண்டுபோவதற்குள் வேட்டியில் சிந்தியது. கதவுக்குப் பின்னால் அத்தை நின்றிருந்தார். மாப்பிள்ளைக்கு எதிரே வந்து நிற்பது எங்கள் பக்கம் மாமியார்களுக்கு வழக்கமில்லை. அன்றைக்கு வந்து நின்றார்.

"மாப்ளைங்க, சித்தெ கையை நீட்டுங்க."

அவர் சிரித்தார். "எதுக்குங்க அத்தை? ஜோசியமா?"

"நீட்டுங்க."

நீட்டினார். விரல்கள் ஆடின. அவர் உடனே கையை மடக்கிக்கொண்டார்.

"எங்கூட்டுக்காரருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றார் அத்தை. குரல் உயரவில்லை. "இனிமே இந்த ஊட்டுல உங்களுக்குச் சோறு உண்டு, காப்பி உண்டு. அது கெடையாதுங்க. எம்மகளுக்கு நீங்க வேணும்."

மாப்பிள்ளை என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. காப்பி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் என் நாத்தனார் பஸ் பிடித்துத் தனியாக வந்தார். இடுப்பில் கைக்குழந்தை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே பேசினார்.

"அவுரைக் கூப்புட்டு வெச்சு மானத்தை வாங்கிட்டீங்களாமா?"

"உள்ள வா, கண்ணு," என்றார் அத்தை.

"நீங்க தெனமும் குடிக்கறீங்க. அது மருந்து. அவுரு குடிச்சா குத்தமா? எந்த மொகத்தை வெச்சுக்கிட்டு அவுரைக் கேட்டீங்க?"

என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. அரை டம்ளருக்கும் ஒரு வரிசைக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பேச்சு, நான் நுழையவில்லை. குழந்தைக்குப் பால்கூட வாங்கிக்கொள்ளாமல் நாத்தனார் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்று பொழுது சாய்ந்ததும் வழக்கம்போல டம்ளரைக் கொண்டுபோனேன். "வேண்டாம் அம்மிணி. இன்னி மேல எனக்கு அது வேண்டாம்," என்றார் அத்தை.

"உங்களுக்கு அது ஒண்ணும் பண்ணலீங்களே அத்தை."

"பண்ணலதான். அவ கேட்டது கேட்டதுதான?" டம்ளரைக் காட்டி, "ஊத்துனதைக் கீழ கொட்டாத. நீ குடி," என்றார்.

அவர் எதிரிலேயே நின்று குடித்தேன். ஊற்றிக் கொடுத்தே பழகியவள், ருசி பார்த்ததில்லை. கசப்புதான் முதலில். அது போன பிறகு வறுத்த கடலைத் தோலின் வாசனை போல ஒன்று வாயில் நின்றது. எனக்குப் பிடித்திருந்தது. அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியா?" என்றார்.

ஒரு வருஷத்துக்கு மேல் பொள்ளாச்சியிலிருந்து யாரும் வரவில்லை, நாங்களும் போகவில்லை. நல்லது கெட்டதுகளில் பார்த்தால் நாத்தனார் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். பிறகு குழந்தைக்குக் காது குத்த வேண்டி வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன் என் வீட்டுக்காரர். நாத்தனாரும் மாப்பிள்ளையும் வெற்றிலை பாக்கோடு அழைக்க வந்தார்கள்.

மாப்பிள்ளை இளைத்திருந்தார். முன் தலையில் முடி கொட்டியிருந்தது. நான் காப்பி கொடுத்தபோது வாங்கி, சிந்தாமல் குடித்தார். சமையலறையில் என் நாத்தனார் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அம்மாவோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் போனதிலிருந்து, காலையில் காப்பி கொடுக்கும்போதெல்லாம் கண் தன்னால் அவர் கைக்குத்தான் போகுமாம். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் முடியவில்லையாம். அங்கே திருட்டுத்தனமாக விற்ற சாராயத்துக்கு அவர் போக ஆரம்பித்ததும், நாத்தனாரே தன் மாமனாரிடம் சொல்லி, கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஒரு மாதம் கூடவே இருந்திருக்கிறார்.

"அம்மாகிட்டச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன்.

"நானே சொல்லிக்கறேனுங்க," என்றார். சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் போகும்போது அத்தை ஒரு கூடை நிறையத் தேங்காயும் ஒரு தூக்குப்போசி நெய்யும் கொடுத்து அனுப்பினார், வாங்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளை முழுக்க விட்டாரா, நடுவில் எப்போதாவது தொட்டாரா என்பதையும் நான் விசாரித்ததில்லை. காதுகுத்துப் பந்தியில் எங்கள் எதிரில் உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டார்.

அத்தை அதன் பிறகு கறுப்பைத் தொடவில்லை. வீட்டில் இருப்பு வைப்பதையும் அவர் தடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் தனக்குச் சிவப்பில் நாலும் எனக்குக் கறுப்பில் இரண்டும் வாங்கி வருவார். அத்தையைப் போலத் திறந்து வைத்துக் குடிக்க எனக்கு வராது, எனக்கு நுரை வேண்டும். எழுபதுகள் முடியும் நேரத்தில் அந்தக் கறுப்பு பீர் பாலக்காட்டுக்கு வருவது நின்றுபோயிற்று. அதைக் காய்ச்சின கம்பெனியே நிறுத்திவிட்டதாகக் கடைக்காரர் சொன்னாராம். அதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். நிறம் அதேதான், ஆனால் கருப்பட்டித் தண்ணீர் மாதிரி தித்தித்தது. ஒரு பாட்டிலோடு நிறுத்திக்கொண்டேன்.