பறவை பார்க்கப் போய் வலை இழுத்த கதை

பஸ்ஸுக்குள் கருவாட்டு மணம்... என் மடியில் இருந்த கேக்கில் இருந்து பட்டர் மணம்... பக்கத்தில் என் புருசன், எந்த மணமும் மூக்கில் ஏறாத ஆள் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

ஆரையம்பதியில் இருந்து மட்டக்களப்பு டவுனுக்கு ஒரு பஸ். அங்கிருந்து மாங்கேணிக்கு இன்னொரு பஸ். அன்றைக்கு அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள்.

அந்த வருசம்தான் அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. "இனிக் கடல் வேலை கூடாது" என்று டொக்டர் சொல்லிவிட்டார். மீசை முளைக்க முன்னமே கடலுக்குப் போன மனிதர். தோணியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் வந்து குந்தியவர்தான்... பேச்சு நின்றுபோனது. சோறு போட்டால் சாப்பிடுவார். ஏதும் கேட்டால் "ம்". வீட்டுக்குப் பின்னால் கடல். அந்தப் பக்கக் கதவைத் திறக்கவே மாட்டார்.

நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து இருந்தது, அதற்கு நான் பயப்படவில்லை. மனிதர் இப்படியே ஊமையாகிப் போய்விடுவாரோ என்றுதான் பயம்.

எங்கள் ஊர்க் கரைக்குக் கூப்பிட்டால் வர மாட்டார். காண்கிற ஆளெல்லாம் "எப்ப திரும்பத் தொழிலுக்கு?" என்று கேட்கும். அதனால்தான் எங்களை ஒருவருக்கும் தெரியாத மாங்கேணி.

அவர் என் மாமி மகன். கலியாணம் முடித்த பிறகும் எனக்கு மச்சான்தான். அன்றைக்குக் காலையில் அவரிடம் கேட்டேன்.

"மச்சான், பறவை பாக்கப் போவமா?"

"முத்தத்தில கோழி நிக்கே. பாரன்."

"வெள்ளக்காரன் பிளேன் ஏறி வந்து பாக்கிறான். நாம பஸ் ஏறிப் போய்ப் பாப்பம்."

"அவனுக்கு வேற வேலை இல்ல."

"உங்களுக்கு மட்டும் இரிக்கா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்தேன். ஆனால் மனிதர் எழும்பிப் போய்ச் சட்டையைப் போட்டார்...

மாங்கேணிக் கரையில் தாழை நிழலில் இருந்தோம். கேக் வெயிலுக்கு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. கத்தி கொண்டுபோக மறந்துவிட்டேன். கொஞ்சம் தள்ளிக் கரைவலைக்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். அவர்களிடம் வாங்கி வெட்டினேன். கேக் முழுக்க மீன் மணம். அவரோ கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து தின்றார். பறவை பார்க்க வந்த ஆள் இருந்த இருப்பு அது.

அப்போதுதான் ஆலாப் பறவைகளின் சத்தம் கேட்டது. கீச்சுக் கீச்சென்று வெள்ளையாய் ஒரு கூட்டம். தண்ணீரில் குத்திக் குத்தி எழும்பின.

வாய்க்குக் கொண்டுபோன கேக் அப்படியே நின்றது. மெல்லக் கிறுகிக் கடல் பக்கம் பார்த்தார். பிறகு எழும்பி நின்றார்.

பறவை குத்துகிற இடத்தில் மீன் நிற்கும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பறவை குத்துவதைக் கண்டவன் கரையில் இருக்கிற வலைக்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டும், பகையாளியாய் இருந்தாலும். கண்டும் சும்மா இருந்தால் அவர்களின் வயிற்றில் அடித்த பாவம்.

தோளில் கிடந்த துவாயை எடுத்து வீசினார். "டேய்... வடக்கால... வடக்கால விடுங்கடா..."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"ஆரு அண்ண நீங்க?" என்று கேட்டபடி வலைத் தலைவர் கணேசன் ஓடி வந்தார்.

"ஆரையம்பதி. கதைச்சிக்கு நிக்காம தோணியத் தள்ளு. கீரி மீன் மொய்க்குது."

தோணி வலையை வளைத்துக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் கயிறு இழுக்கத் தொடங்கினார்கள். நானும் சீலையைச் செருகிக்கொண்டு பிடித்தேன். அவரும் கயிற்றில் கை வைக்கப் போனார்.

"கைய வைக்கப்படா மச்சான். சொல்லிப்போட்டன்."

கையை எடுத்துவிட்டு அந்தரித்துக்கொண்டு நின்றார். வலை இழுக்கிறவர்களுக்கு அடி எடுத்துக் கொடுக்கிற அம்பாப் பாட்டுப் பாட அந்தக் கரையில் ஆள் இல்லை. ஒரு பொடியன் போனில் சினிமாப் பாட்டுப் போட்டிருந்தான்.

"எங்கட பாட்டுக்காரன் கட்டாருக்குப் போயிட்டான்" என்றார் கணேசன்.

என் புருசன் அந்தப் போனை நிறுத்தச் சொன்னார். தொண்டையைச் செருமினார். அம்பாவை எடுத்தார்.

அவர் ஒரு அடி பாட, இழுக்கிற எல்லோரும் மறு அடி கொடுத்தோம். கயிறு வந்த வேகத்தில் என் உள்ளங்கை உரிந்தது. நான் அழுதது கை நோவில் என்று பக்கத்தில் நின்ற மனிசி நினைத்திருப்பாள்...

வலை கரைக்கு வந்தது.

முழுக்கச் சொறி. ஜெல்லி மீன் என்கிறார்களே, அது. கண்ணாடிக் கிண்ணம் போல, தொட்டால் உடம்பு கடிக்கிற அந்தச் சொறிமுட்டை, வலை கொள்ளாமல். பறவை குத்தியது பொடி மீனுக்கு. அதெல்லாம் வலைக்கண்ணால் நழுவிப் போய்விட்டது.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் அவருடைய வாயைத்தான் பார்த்தேன். திரும்பவும் மூடிக்கொண்டு போய்விடுமோ...

கணேசன் கையைச் சொறிந்துகொண்டே கேட்டார். "அண்ண, உங்கட ஊரில இதத்தான் கறி வைக்கிறயளா?"

அவர் வலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பிறந்தநாளுக்கு வந்தனான் தம்பி. வெறுங்கையோட வரக்கூடாதெண்டு கொண்டந்தன். எல்லாரும் பங்கு போட்டு எடுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள்... மணலில் குந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கரை முழுக்கச் சிரித்தது.

"பின்னேரமும் ஒரு வளைப்பு இரிக்கி. நிண்டு பாடித்துப் போங்க. ஆனா திசை மட்டும் காட்டாதீங்க" என்றார் கணேசன். நின்றோம். கடைசி பஸ்ஸில்தான் வந்தோம்.

இப்போது அந்தக் கரையில் வலையை டிராக்டர் இழுக்கிறதாம். அம்பாவுக்கு வேலை இல்லை. பிறந்தநாளுக்கு எங்கள் மகள் படம் பிரிண்ட் பண்ணின கேக் அனுப்புகிறாள். கத்தியும் அதோடேயே வருகிறது.

அவர் காலையில் எங்கள் ஊர்க் கரைக்குப் போய் நிற்கிறார். ஆலா குத்தினால் துவாயை வீசுகிறார். தோணிக்காரர் எல்லோரிடமும் போன் இருக்கிறது, மீன் நிற்கிற இடத்தை அதிலேயே சொல்லிக்கொள்கிறார்கள். ஆனாலும் இவருக்கு ஒரு கை காட்டிவிட்டுத்தான் போவார்கள்.

வீட்டுக்கு வந்தால் அந்தக் கதை முழுக்க எனக்கு. எந்தத் தோணி, எந்தத் திசை, ஆர் பிழை விட்டது... உலையில் சோறு குழைந்தாலும் விட மாட்டார்.

"கொஞ்சம் வாயை மூடுங்களன் மச்சான்" என்பேன்.

மூட மாட்டார். மூடிவிடக் கூடாதே என்று நானும் அடுத்த கேள்வியைக் கேட்பேன்...