இருமலுக்கு எழும்பாத கோடு

டாக்சி அலுவலகத்தில் அவருக்குப் பெயர் மைக். முன்பு வண்டி ஓட்டியவர். விபத்தில் முதுகெலும்பு நெஞ்சளவில் நொறுங்கிய பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊரிலுள்ள வண்டிகளையெல்லாம் விரட்டுகிறவர். நெஞ்சுக்குக் கீழே எதுவும் சொன்ன பேச்சைக் கேட்காது. வாய்க்கு மட்டும் ஒரு குறையுமில்லை.

சிறுநீர்ப்பைச் சோதனைக்கு அவர் வருவது இது மூன்றாவது முறை. முதல் தடவை எல்லாம் சரி என்றார்கள். இரண்டாம் தடவை, பைக்குள் அழுத்தம் எகிறிக் கிடக்கிறது, இப்படியே விட்டால் சிறுநீரகம் போய்விடும், குடலில் ஒரு துண்டை வெட்டிப் பையோடு ஒட்டுப்போட்டுப் பெரிதாக்க வேண்டும் என்றார் டாக்டர். நடுவில் என்னதான் மாறியது என்று அவருக்குப் புரியவில்லை. ஆபரேஷன் என்று மாதக்கணக்கில் படுத்தால் அலுவலக மைக் வேறு கைக்குப் போய்விடும். படுக்காவிட்டால் சிறுநீரகம். கத்தி வைப்பதற்குமுன் இன்னொரு தடவை பாருங்கள் என்று சண்டை போட்டு வாங்கிய சோதனை இது.

சோதனை செய்யும் பெண் இரண்டு மெல்லிய குழாய்களைச் செருகினாள். பைக்குள் வைத்தது மொத்த அழுத்தத்தைக் காட்டும். ஆசனவாயில் வைத்தது வயிற்றின் அழுத்தத்தைக் காட்டும். அதிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது பையின் சொந்த அழுத்தம்.

"இருமுங்கண்ணா," என்றாள். இருமினால் திரையில் இரண்டு கோடும் சேர்ந்து எழும்ப வேண்டும். எழும்பினால்தான் குழாய்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று அர்த்தம்.

மைக் இருமினார். ஊரையே அதட்டுகிற வாயிலிருந்து பூனைத் தும்மல் மாதிரி ஒன்று வந்தது.

"இன்னும் பலமா."

"வயித்துல பலம் இருந்தா நான் ஏம்மா இங்க வரேன்?"

"சரி விடுங்க. போன தடவையும் இப்படித்தான். ஆரம்பிச்சுடலாம்."

மூலையில் நின்ற மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு தடவையும் என்னை வெளியவே உக்கார வெச்சீங்க. வீட்டுல இவருக்குச் சளி கட்டினா யாரு அமுக்கி எடுக்கறா? நகரும்மா."

இரண்டு உள்ளங்கையையும் அவர் வயிற்றில் பதித்தாள். "மூச்சை இழுங்க. ம், இப்ப."

அவர் இரும, அவள் அமுக்க, கட்டிலே குலுங்கியது. திரையில் பையின் கோடு மலையாக ஏறியது. வயிற்றின் கோடு அசையாமல் படுத்துக் கிடந்தது.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "ஆசனவாய்க் குழாய் அடைச்சிருக்கு."

"போன தடவை?"

"அப்பவும் அடைச்சிருக்கலாம்ணா. இருமல் வரலைன்னு பாக்காம விட்டுட்டேன். உங்க வயிறு தானா இழுத்துப் பிடிச்சதெல்லாம் பை கணக்குல ஏறியிருக்கும்."

"நல்லா இருக்கு. வயிறு பண்ணின கலாட்டாவுக்குப் பையை வெட்டப் பாத்தீங்க."

அந்தப் பெண் குழாயை மாற்றினாள். மனைவி மறுபடி அமுக்கினாள். இரண்டு கோடும் ஒன்றாக எழுந்தன.

முடிவு அங்குமில்லை, இங்குமில்லை. அழுத்தம் கொஞ்சம் கூடுதல்தான். இப்போதைக்குக் கத்தி வேண்டாம், மாத்திரையைக் கூட்டலாம், சில மாதம் கழித்துத் திரும்பவும் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

"திரும்பவுமா," என்றார் மைக்.

"அடுத்த தடவை அக்காவையும் உள்ள கூட்டிட்டு வந்துடுங்க," என்றாள் அந்தப் பெண்.

"அவரு என்னைக் கூட்டிட்டு வராரா? நாற்காலியைத் தள்றது யாரு?" என்றாள் மனைவி.

வாசலுக்கு வந்ததும் மைக் அலுவலகத்துக்குப் போன் போட்டார். "நாற்காலி ஏத்தற வண்டி ஒண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. அந்த மைக்கை எவன் தொட்டிருந்தாலும் துடைச்சு வெக்கச் சொல்லு. மத்தியானம் வந்துடறேன்."