மூன்று பிள்ளைகளைத் தின்றது யார்?

இன்று திருப்பதி போகும், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ்ஸில் ஒருவன் முதுகில் என் குடையை உடைத்தேன்.

முன் சீட்டில் புருஷனும் பெண்சாதியும். அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது: இரண்டாம் தாரத்துக்குப் பெண் பார்க்கப் போகிறான். சம்மதம் சொல்ல மூத்த தாரமான இவளையும் இழுத்து வருகிறான். அவள் அழுததும் அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் புடவையில் சொட்டியது.

“மூணு புள்ளையும் செத்தே பொறந்துச்சி. துன்னுட்டா இவ!” என்று பஸ்ஸுக்கே கேட்கக் கத்தினான்.

நான் எழுந்தேன். கண்டக்டர், “புருஷன் பொண்டாட்டி கொடவம்மா, வூட்டுச் சண்டை; உங்களுக்கு ஏன்?” என்றான்.

அவள் கூந்தலைப் பற்றி ஜன்னல் கம்பியில் மோதியபோதுதான் அவன் முகம் தெரிந்தது. நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு, பெண்சாதிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் தொற்றும் மேகப்புண்ணுக்காகச் சனிக்கிழமைதோறும் ஊசி போட வருகிறவன்.

குடை உடையும்வரை வெளுத்தேன். “உன் வியாதிடா அந்த மூணையும் துன்னது! நீ மட்டும் ஊசி போட்டுக்கினு போறியே, இவளுக்குச் சொன்னியா?”

அவள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“எனக்கும் அந்த ஊசி போடுவாங்களாக்கா?”

நோயாளியின் ரகசியத்தை வெளியே சொன்னதற்கு நாளை மேட்ரன் என்னை விசாரிப்பார். இத்தனை மாதம் அதை அவளிடம் சொல்லாமல் காத்ததற்கு எங்களை யார் விசாரிப்பது? நீங்களே சொல்லுங்கள்.