மணல் திட்டில் கூப்பிட்ட பெயர்கள்

என் தங்கையின் கலியாண வீடியோவை வெட்டித் தொகுத்தவள் என்ற அளவில்தான் யதுர்சிகாவை எனக்கு முதலில் தெரியும். மன்னார் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு ஸ்ரூடியோவில் அவள் வேலை செய்தாள். கலியாணம், சாமத்தியவீடு, முதல்நன்மை என்று எந்தச் சடங்கானாலும் ஐந்து மணிநேரம் படம் பிடித்து வருவார்கள். அதன் தொடக்கத்தில் மூன்று நிமிடத்துக்கு ‘ஹைலைட்ஸ்’ என்று ஒன்று வரும். மற்ற இடங்களில் அது பூத்தூவலும் மெல்ல நடக்கும் மணப்பெண்ணும் சினிமாப் பாட்டும்தான்.

யதுர்சிகா செய்து தந்ததில் தாலி கட்டும் காட்சியே இல்லை. கெட்டிமேளம் மட்டும் கேட்டது. திரையில் எங்கள் அப்பா. மணவறை ஓரத்தில் நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி சால்வை நுனியால் துடைத்துப் போடுகிறார். மறுபடி கழற்றித் துடைக்கிறார். மேளம் ஓயும்வரை அதையே செய்கிறார். எல்லோரும் தாலியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்பாவை எங்களில் ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

“அஞ்சு மணித்தியாலத்துக்குள்ள இதை எப்பிடிக் கண்டவா?” என்று தங்கை கேட்டாள். எனக்கும் விளங்கவில்லை.

யதுர்சிகா பிறந்தது தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமில், தொண்ணூற்றாறாம் ஆண்டு. பெற்றோரின் ஊர் மன்னார்ப் பக்கத்து இலுப்பைக்கடவை. முகாமில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் படம் பார்க்கப் போவாள். பாதியில் மின்சாரம் நின்றுவிடும். அதனால் முழுப்படம் பார்த்தது குறைவு. வரப்போகும் படங்களின் ட்ரெயிலர்களைப் பார்த்ததுதான் அதிகம். அந்த இரண்டு நிமிடத்தை வைத்து மிச்சக் கதையைத் தானே கட்டி மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்வாளாம். பிறகு முழுப்படத்தைப் பார்த்தவர்கள், “நீ சொன்னதுதான் நல்லாருந்துச்சு” என்பார்களாம்.

பதினாறு வயதில் ஊர் திரும்பினாள். தகப்பன் சரவணமுத்து கட்டுக்கரைக் குளத்து வயல்களில் தண்ணீர் இறைக்கும் பம்பி திருத்தினார். இவள் ஆறுமாதக் கணினி வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு ஸ்ரூடியோவில் சேர்ந்தாள். ஓய்வு நேரத்தில் ட்ரெயிலர்களைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். எந்தக் காட்சி எத்தனை வினாடி நிற்கிறது என்று அப்பியாசக் கொப்பியில் குறிப்பாள். பிறகு படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்பாள். அப்படி ஏழு கொப்பிகள் நிரம்பின. எதற்காக என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

இரண்டாயிரத்து இருபத்துமூன்றில் றமீஸ் என்பவர் அவளைத் தேடி வந்தார். மன்னாருக்குத் தெற்கே முசலிப் பக்கத்துக்காரர். கடல் கடந்து இந்தியாவுக்குப் போன சனத்தைப் பற்றி நான்கு வருடம் பாடுபட்டு ஒரு படம் எடுத்திருந்தார். படத்தின் ட்ரெயிலரைக் கொழும்பில் ஒருவர் செய்து கொடுத்திருந்தார். வெடிச்சத்தம், அழுகை, பெரிய இசை. பார்த்தவர்கள் நல்லது என்றார்கள். மறுநாள் ஒருவருக்கும் நினைவில்லை. அந்த நாட்களில்தான் றமீஸ் எங்கோ ஒரு வீட்டில் யதுர்சிகா வெட்டிய கலியாண வீடியோவைப் பார்த்திருக்கிறார்.

“தங்கச்சி, எனக்கும் ஒண்டு செஞ்சு தாங்க. ஒண்டரை நிமிசம் போதும்.”

“நானா, நான் சினிமா வெட்டினதில்லை. கலியாண வீடுதான்” என்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம்.

“என்ர படத்திலயும் சனந்தானே இருக்கு” என்று சொல்லி, எடுத்த காட்சிகளும் பதிந்த ஒலிகளும் முழுவதுமாக இருந்த ஹார்ட் டிஸ்க்கை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு கிழமையில் மூன்று விதமாக வெட்டிப் பார்த்தாள். மூன்றையும் அவளே அழித்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது தாய் றஞ்சினி தேத்தண்ணீருடன் அறைக்குள் வந்தார். திரையில் ஒரு காட்சி நின்றபடி இருந்தது. நடுக்கடலில் ஒரு மணல் திட்டு. இந்தியாவுக்கென்று ஏற்றி வந்த வள்ளக்காரன் இடையில் இறக்கிவிட்டுப் போன முப்பது பேர், கணுக்கால் தண்ணீரில்.

தொண்ணூறாம் ஆண்டு, பத்தொன்பது வயதில், றஞ்சினியும் அப்படி ஒரு திட்டில் நின்றவர். அதைப் பற்றி அவர் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை.

தாய் தேத்தண்ணீரை வைக்காமல் நெடுநேரம் திரையைப் பார்த்தார்.

“இவை பேர் கூப்பிடேல்லையோ?” என்று கேட்டார்.

“என்ன பேர், அம்மா?”

“தண்ணி ஏற ஏற ஒருத்தர் எல்லாற்ற பேரையும் கூப்பிட்டுக்கொண்டே நிண்டவர். பள்ளிக்கூடத்தில இடாப்புக் கூப்பிடுற மாதிரி. ஓம் எண்டு சொல்லோணும். சொல்லாட்டி எல்லாரும் திரும்பிப் பாப்பம். நாலு மணித்தியாலம் நிண்டனாங்கள். வேற ஒரு கதையும் ஒருத்தரும் கதைக்கேல்லை.”

“ஆராவது ஓம் சொல்லாமல் விட்டவையோ?”

“தேத்தண்ணியைக் குடி. ஆறப்போகுது” என்று சொல்லிவிட்டுத் தாய் வெளியே போனார்.

படத்தில் அப்படி ஒரு காட்சி இல்லை. புதிதாக எடுக்கவும் வழியில்லை. ஆனால் அந்த டிஸ்க்கில் அறுபது மணிநேர ஒலி இருந்தது. படத்தில் சேராத சத்தங்கள், படப்பிடிப்பின் இடைவேளைப் பேச்சுகள், காற்று. யதுர்சிகா அதைக் கேட்கத் தொடங்கினாள். எதைத் தேடுகிறாள் என்று தெரிந்துதான் தேடினாளா என்று பின்னொருநாள் கேட்டேன். “இல்லை. கேட்டு முடிக்காமல் விட மனம் வரேல்லை” என்றாள்.

நான்காம் நாள் அது வந்தது. படப்பிடிப்பு நாள் காலை, கடற்கரை. ஒலிவாங்கியை நிறுத்த மறந்திருக்கிறார்கள். நடிக்க வந்த ஊர்ச் சனத்துக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொடுப்பதற்காக, உதவியாளர் ஒருவர் பெயர்களை வாசிக்கிறார்.

“கிறிஸ்ரினா!” “ஓம்.”

“சுஜீவன்!” “ஓம்.”

“நசீறா!” “ஓம்.”

“அருளப்பு!” பதில் இல்லை. காற்று மட்டும். “அருளப்பு!” மறுபடியும் காற்று.

அந்த ஒலியை அவள் மணல் திட்டுக் காட்சியின் மேல் வைத்தாள். இசை இல்லை. வேறு வசனம் இல்லை. பெயர் கேட்கக் கேட்க தண்ணீர் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறுகிறது. கடைசிப் பெயருக்குப் பதில் வராதபோது நின்றவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. பிறகு திரை இருள்கிறது.

றமீஸ் ஸ்ரூடியோவில் அதைப் பார்த்தார். எழுந்து வீதிக்குப் போனார். மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

“இது என்ர படமா, தங்கச்சி?”

“உங்கட படம்தான், நானா. நான் புதுசா ஒண்டும் எடுக்கேல்லை.”

“தொண்ணூறில முஸ்லிம் சனத்த மன்னாரில இருந்து வெளியேத்தினப்ப என்ர வீட்டாக்களும் கடலாலதான் போனவங்க. தெற்க” என்றார் அவர்.

படம் வெளிவர ஒரு மாதம் இருக்க, நடித்த சனத்தையெல்லாம் அழைத்து மன்னாரில் ஒரு மண்டபத்தில் ட்ரெயிலரைக் காட்டினார்கள். பின்னேரம் நான்கு மணி. நானும் போயிருந்தேன். நானூறு பேர் இருக்கும். பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள், கதிரைகள் இழுபட்டன. திரையில் முதல் பெயர் கேட்டபோது அந்தச் சத்தமெல்லாம் அடங்கிற்று. தங்கள் பெயரைக் கேட்டவர்கள் பக்கத்தில் இருந்தவரின் கையைத் தொட்டார்கள்.

“அருளப்பு!”

காற்று.

“அருளப்பு!”

மண்டபத்தின் நடுவில் ஒரு மனிதர் எழுந்தார். அறுபது வயதிருக்கும், கடல் தொழிலாளி. கரகரத்த குரலில், “ஓம்! ஓம், நான் இஞ்சதான் நிக்கிறன்!” என்று கத்தினார்.

பிறகு எங்கோ ஒரு பெண் விம்மினார். அவரைத் தொடர்ந்து இன்னும் சிலர். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் கிளம்பியது. அழுதவர்களே சிரித்தார்கள். கணினி மேசையடியில் நின்ற யதுர்சிகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. பார்சல் கொடுத்த அன்று அருளப்பு ஐயா தேத்தண்ணீர்க் கடைக்குப் போயிருந்தார், அவ்வளவுதான் நடந்தது.

முடிந்ததும் அவள் அவரிடம் போனாள். “ஐயா, கேக்காமல் உங்கட பேரை அப்பிடிப் போட்டது பிழை. மாத்திவிடுறன்.”

“வேண்டாம், பிள்ளை. ஆரோ என்னைத் திரும்பத் திரும்பத் தேடுற மாதிரி இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருக்கேலாமல் போச்சு. அப்பிடியே கிடக்கட்டும்.”

றஞ்சினி அக்கா வாசலோரக் கதிரையில் இருந்தார். மகள் கிட்டப் போனதும், “இன்னொருக்கால் போடச் சொல்லு” என்றார். போட்டார்கள். மூன்றாம் முறையும் போட்டார்கள்.

அந்த ட்ரெயிலர் இணையத்தில் எங்கெல்லாமோ போனது. இரண்டு மாதத்தில் சென்னையில் ட்ரெயிலர் மட்டுமே செய்யும் ஒரு நிறுவனம் அவளை அழைத்தது. முதலில் கொடுத்தது ஒரு நகைச்சுவைப் படம். அதற்கும் இசையை எடுத்துவிட்டுக் காற்றையும் மௌனத்தையும் வைத்து அனுப்பினாள். “அம்மா, இது சிரிக்கிற படம்!” என்று திருப்பி அனுப்பினார்கள். பதினொரு தரம் மாற்றினாள். சிரிப்பு எங்கே வெடிக்கும், அதற்கு எத்தனை வினாடி முன்பு திரையில் உள்ள ஆள் வாயை மூட வேண்டும் என்று படிப்பதற்குப் புதிதாக ஒரு கொப்பி வாங்கினாள். பன்னிரண்டாவதை ஏற்றுக்கொண்டார்கள்.

இதுவரை இருபத்திரண்டு ட்ரெயிலர் செய்துவிட்டாள். வேலை எல்லாம் இலுப்பைக்கடவை வீட்டிலிருந்துதான். ஒருமுறை சென்னைக்கு விமானத்தில் அழைத்தார்கள். பெரிய திரையரங்கில் அவள் வெட்டிய ட்ரெயிலர் ஓடியது. முகாமில் இருந்த காலத்தில் வெளியூர் போக எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இந்த முறை தன் கடவுச்சீட்டோடு போய் இறங்கினாள். அரங்கில் திரைக்கு முதுகைக் காட்டி நின்று சனத்தையே பார்த்தாளாம்.

“சோளப்பொரி தின்னுற கையெல்லாம் நடுவில நிண்டுபோச்சு, அண்ணா. அவ்வளவு பேற்ற கையும்!” என்றாள்.

போன கிழமை அந்தப் பக்கம் போனபோது அவள் வீட்டுக்குப் போனேன். மேசையில் ஒரு மலையாளப் படம். காதில் ஹெட்போன். கதவு ஒன்று சாத்தப்படும் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் பத்து நிமிடம் நின்றேன். நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிட மனம் வராமல் திரும்பி வந்துவிட்டேன்.